ஒரு பிடி மண், ஒரு கையெழுத்து

1975 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. கான்பெராவில் கவர்னர் ஜெனரல் சர் ஜான் கெர், மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் கஃப் விட்லமைக் கூப்பிட்டுப் பதவிநீக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். அதே தேதியில் தில்லியில் வேறொரு கையெழுத்து விழுந்தது. கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பியிருந்த பழங்குடியினர் நில மீட்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது ஒப்புதல் தந்தார்.

முதல் கையெழுத்து ஆஸ்திரேலியர்களின் தேசிய நினைவில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அந்த நாட்டின் அரசியலைப் பற்றி யார் எழுதினாலும் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தொடாமல் போவதில்லை. இரண்டாவது கையெழுத்தைக் கேரளத்தின் பள்ளிப் பாடங்களில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அகளி, சோலையூர், புதூர் என்று அட்டப்பாடியின் மூன்று பஞ்சாயத்துகளிலும் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது இந்தச் சட்டத்தில்தான் போய் நிற்கும்.

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தேதிப் பொருத்தம் மட்டும் காரணமல்ல. மண்ணின் மூத்த குடிகளிடமிருந்து எடுத்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கடனை இரண்டு அரசுகளும் அந்த ஓராண்டில் வாய்விட்டு ஒப்புக்கொண்டன. அந்த வாக்கு அங்கே என்ன ஆனது, இங்கே என்ன ஆனது என்பதே என் கேள்வி.

*

கோவையிலிருந்து ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. மேற்கே மண்ணார்க்காட்டிலிருந்து வந்தால் மலைப்பாதை ஏறி முக்காலி வழியாக அகளியை அடையலாம். பவானி இங்கே கிழக்கு நோக்கி ஓடுகிறது. சிறுவாணி அதில் வந்து சேர்கிறது. இருளர், முடுகர், குறும்பர் என்ற மூன்று குடிகள் இருநூறுக்குச் சற்றுக் குறைவான ஊருகளில் வாழ்கிறார்கள். ஊரு என்பது அவர்களுடைய குடியிருப்பின் பெயர். ஊருக்குத் தலைவராக ஒரு மூப்பன் உண்டு, பொருளைக் காக்கும் வண்டாரி உண்டு, மண்ணுக்காரனும் உண்டு. மண்ணுக்காரன் விதைப்பைத் தொடங்கி வைப்பவர், நிலத்துக்குரிய சடங்குகளைச் செய்பவர். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. எந்தச் சரிவில் இந்த ஆண்டு பஞ்சக்காடு என்ற மாற்றுச் சாகுபடி போடுவது, எதை ஓய்வாக விடுவது என்று அவரிடம் கேட்டார்கள். ராகி, சாமை, தினை, சோளம், துவரை, கீரை எல்லாம் ஒரே காட்டில் கலந்து வளர்ந்தன.

காகிதத்தில் இந்த மலை மண்ணார்க்காடு மூப்பில் நாயர் போன்ற ஜன்மிகளுடையது, அதாவது பெருநிலக்காரர்களுடையது. 1956 நவம்பர் வரை இது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஜன்மிக்கு ஊருக்காரர்கள் ஏதோ ஒரு வகையில் பாட்டம் என்ற குத்தகை கொடுத்தார்கள். ஆனால் அதற்குச் சீட்டு கிடையாது. ஜன்மியின் காரியஸ்தரிடம் சீட்டு எழுதி வாங்கத் தெரிந்தவர்கள் பிறகு வந்தார்கள். கிழக்கிலிருந்து தமிழ் விவசாயிகள் வந்தார்கள். மேற்கிலிருந்து, உலகப் போர்க்காலப் பஞ்சத்திலும் அதற்குப் பிறகும், திருவிதாங்கூர்க் குடியேறிகள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், பசிக்குப் பயந்து மலையேறியவர்கள். இதை மறைத்து எழுதினால் அட்டப்பாடியின் கதை பொய்யாகிவிடும்.

1951-இல் இங்கே நூறு பேரில் தொண்ணூறு பேர் பழங்குடியினர். 1971-இல் அது 42 பேரானது. இருபதே ஆண்டுகள்! ஒரு தலைமுறை முழுசாக வளர்வதற்குள் சொந்த மலையில் அவர்கள் சிறுபான்மையினர் ஆனார்கள்.

நிலம் கைமாறிய விதம் எல்லா மலைகளிலும் ஒன்றுதான். உப்பு, புகையிலை, துணி என்று கடையில் கடன் ஏறும். கடனுக்கு ஒரு போகம் மட்டும் என்று காட்டைக் கொடுப்பார்கள். அடுத்த போகமும் அப்படியே போகும். ஒரு நாள் கைநாட்டு வாங்கிய தாள் வெளியே வரும். இதோடு நிலச் சீர்திருத்தமும் சேர்ந்துகொண்டது. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் உழுத குத்தகைக்காரர் நிலத்துக்கு உடைமையாளர் ஆனார். நாடே கொண்டாடிய சட்டம் அது. ஆனால் குத்தகைக்காரர் என்று நிரூபிக்கச் சீட்டு வேண்டும். சீட்டு வந்தேறியவர் கையில் இருந்தது, உழுதவரிடம் இல்லை. மறு ஆண்டே தனியார் காடுகளை அரசு எடுத்துக்கொண்டது. பஞ்சக்காடு போட்ட சரிவுகள் வனத்துறையின் எல்லைக் கற்களுக்கு உள்ளே போயின. குடியேறி, வனத்துறை என்று இரண்டு பக்கமும் நெருக்க, ஊரு நடுவில் மாட்டிக்கொண்டது. ஜன்மியை ஒழித்த சட்டம் இந்த மலையில் மூத்த குடியையும் ஒதுக்கிவிட்டது என்பதைக் கேரளத்தின் முற்போக்கு வரலாறு இன்னும் சரியாக எழுதவில்லை.

*

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் வேவ் ஹில் என்று ஒரு மாட்டுப் பண்ணை. குரிஞ்சி என்ற குடியினரின் நிலத்தில் அமைந்தது. இந்தப் பெயரைக் கேட்டதும் நம் குறிஞ்சி நினைவுக்கு வரும். ஒலி ஒற்றுமை மட்டுமே, வேறு உறவு இல்லை. பண்ணையை நடத்தியது வெஸ்டி என்ற பிரிட்டிஷ் இறைச்சி நிறுவனம். குரிஞ்சி ஆண்கள் மாடு மேய்த்தார்கள், பெண்கள் பண்ணை வீட்டில் வேலை செய்தார்கள். பெயருக்கு ஒரு கூலி, மற்றபடி மாவும் தேயிலையும் இறைச்சியும் படியாக அளந்தார்கள். 1966 ஆகஸ்ட் 23 அன்று வின்சென்ட் லிஞ்சியாரி என்ற மேய்ப்பர் தலைமையில் சுமார் 200 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். மறு ஆண்டு தகுராகு என்ற நீரோடைக் கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். கூலிக்காகத் தொடங்கியது அங்கே நிலத்துக்கான கோரிக்கையாக வெளிப்பட்டது. 1967-இல் கவர்னர் ஜெனரலுக்கு மனு அனுப்பினார்கள். நிராகரித்துவிட்டார்கள். அவர்கள் எழுந்து போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். வேலையை விட்டு வெளியேறியதிலிருந்து ஒன்பது ஆண்டுகள்.

1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் விட்லம் தகுராகுவுக்கு வந்தார். 3,236 சதுர கிலோமீட்டருக்கான குத்தகைப் பத்திரத்தைக் கொடுத்தார். பிறகு குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளி லிஞ்சியாரியின் உள்ளங்கையில் கொட்டினார். இந்தக் காட்சியின் புகைப்படம் இன்று ஆஸ்திரேலியாவின் தேசியச் சின்னங்களில் ஒன்று. எடுத்தவர் மெர்வின் பிஷப், பூர்வகுடிப் புகைப்படக்காரர். சடங்கு நிழலுக்குள் நடந்ததால் படம் சரியாக விழவில்லை என்று, வெயிலுக்கு வந்து மறுபடி ஒருமுறை கொட்டச் சொல்லி எடுத்தார். நாம் பார்ப்பது இரண்டாவது பிடி மண்.

அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு நிறைய நடந்தது. ஜூலையில் எல்லாருக்குமான மருத்துவக் காப்பீடு தொடங்கியது. செப்டம்பர் 16 அன்று பப்புவா நியூ கினி விடுதலை பெற்றது. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அக்டோபர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. வட பிரதேசத்துப் பூர்வகுடிகளுக்கான நில உரிமை மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. செனட் நிதி மசோதாக்களை நிறுத்திவைத்தது. பிறகு அந்த நவம்பர் 11. நில மசோதா நிறைவேறாமலே விட்லம் போனார். 1967-இல் குரிஞ்சிகளின் மனுவைத் தள்ளிய அதே கவர்னர் ஜெனரல் பதவிதான் அவர்களுக்கு மண் கொடுத்த பிரதமரையும் வெளியே அனுப்பியது.

*

இனி அதே ஆண்டின் கேரளம். முதலமைச்சர் சி. அச்சுத மேனன். நாட்டில் ஜூன் 25 முதல் நெருக்கடி நிலை. இருபது அம்சத் திட்டம், கொத்தடிமை ஒழிப்பு அவசரச் சட்டம் என்று ஏழைகள் பெயரில் அறிவிப்புகள் வந்துகொண்டிருந்த காலம். பழங்குடியினர் நிலம் கைமாறுவதைத் தடுக்கவும் மீட்டுக் கொடுக்கவும் மாநிலங்கள் சட்டம் இயற்ற வேண்டும் என்று 1960–61-இல் அமைந்த தேபர் ஆணையத்தின் நாளிலிருந்தே பேச்சு இருந்தது. கேரளம் இயற்றிய சட்டத்தைச் சட்டமன்றத்தில் யாரும் எதிர்க்கவில்லை.

அந்தச் சட்டத்தின் உள்ளே போய்ப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1960 ஜனவரி 1-க்குப் பிறகு பழங்குடியினர் அல்லாதவருக்குக் கைமாறிய பழங்குடி நிலம் எதுவானாலும் அந்தக் கைமாற்றம் செல்லாது. விண்ணப்பித்தால் வருவாய்க் கோட்டாட்சியர் நிலத்தை மீட்டுக் கொடுக்க வேண்டும். அன்று வாங்கிய பணத்தையும், நிலத்தில் செய்த மேம்பாட்டின் மதிப்பையும் பழங்குடியினர் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு அரசு கடன் தரும், இருபது ஆண்டுகளில் அடைக்கலாம். நீதிமன்றத்தில் எளிதில் உடையாதபடி இந்தச் சட்டத்தை மறு ஆண்டே அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையிலும் சேர்த்தார்கள்.

இரண்டு நாட்டுச் சட்டங்களையும் எடை போட்டால் கேரளச் சட்டமே துணிந்தது என்று எனக்குப் படுகிறது. ஆஸ்திரேலியச் சட்டம் யாருக்கும் ஒதுக்காத அரசு நிலத்தையும், பூர்வகுடிகளுக்கென ஏற்கெனவே ஒதுக்கிய நிலத்தையும், அவர்களே விலைக்கு வாங்கிய பண்ணைகளையும் மட்டுமே தொட்டது. எந்த வெள்ளைக்காரரின் வீட்டையும் அது தொடவில்லை. கேரளச் சட்டமோ வாழைத் தோட்டத்துக்கும் பாக்குத் தோப்புக்கும் அடியில் இருந்த மண்ணையே கேட்டது.

கேட்டதோடு நின்றது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு வரவில்லை, விதிகள் வரவில்லை. இடதுசாரி முன்னணி, காங்கிரஸ் தலைமையிலான முன்னணி என்று இரண்டு முன்னணிகளும் மாறிமாறி ஆண்டன. 1986 ஜனவரி 24 அன்றுதான் அறிவிப்பு வந்தது. 1982 ஜனவரி 1 முதல் சட்டம் நடப்பில் இருந்ததாகக் கொள்ளலாம் என்றார்கள். கையெழுத்து விழுந்து பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தப் பத்து ஆண்டுகளிலும் நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. மேம்பாட்டின் மதிப்பும் ஏறிக்கொண்டே இருந்தது.

அதே 1986-இல் தகுராகுவில் வேறொன்று நடந்தது. விட்லம் கொடுத்த குத்தகைப் பத்திரம், யாரும் விற்கவோ வாங்கவோ முடியாத முழு உடைமைப் பட்டாவாக மாறிக் குரிஞ்சிகளின் கைக்கு வந்தது. அதற்கு வழி செய்த 1976-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியவர் மால்கம் ஃப்ரேசர். விட்லமை வீழ்த்தி வந்தவர், எதிர்க்கட்சித் தலைவராக அவரைப் பதவியிலிருந்து தள்ள எல்லாம் செய்தவர். மசோதாவின் சில பகுதிகளை நீர்த்துப்போகச் செய்தாலும் அதைக் குப்பையில் போடவில்லை. இன்று வட பிரதேசத்தின் ஏறக்குறையப் பாதி நிலம் அந்தச் சட்டத்தின்படி பூர்வகுடிகளின் உடைமை.

கேரளத்தில் நடந்ததோ நேர்மாறு. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் கோட்டாட்சியர் அலுவலகங்களில் குவிந்தன. அட்டப்பாடியிலிருந்து ஒத்தப்பாலத்துக்குப் போன தாள்களும் அவற்றில் உண்டு. எதுவும் நகரவில்லை. வயநாட்டைச் சேர்ந்த மருத்துவர் நல்லதம்பி தேரா 1988-இல் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். ஆறு மாதத்தில் விண்ணப்பங்களை முடித்துவைக்க வேண்டும் என்று 1993 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அரசு அவகாசம் கேட்டது, மறுபடியும் கேட்டது. கடைசியில் சட்டத்தையே மாற்ற 1996 செப்டம்பரில் ஒரு திருத்த மசோதா வந்தது. 140 பேர் கொண்ட அவையில் எதிர்த்தவர் ஒரே ஒருவர், கே.ஆர். கௌரியம்மா. 1957-இல் வருவாய்த்துறை அமைச்சராக இருந்து கேரளத்தின் நிலச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த அதே கௌரியம்மா. இந்த ஒற்றைக் கை உயர்ந்ததைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. மீதி அவையை நினைத்தால் வலிக்கிறது.

1998-இல் அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டது. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் கோட்டயம் மாவட்டத்து உழவூரில் பிறந்த கே.ஆர். நாராயணன். ஒப்புதலே தேவைப்படாத வழியை மாநில அரசு கண்டுபிடித்தது. விவசாய நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லி 1999-இல் புதுச் சட்டம் இயற்றியது. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தானது. 1960-க்கும் 1986 ஜனவரி 24-க்கும் இடையில் கைமாறிய நிலத்தில் இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளலாம். இழந்தவருக்கு வேறு இடத்தில் நிலம் தரப்படும். உயர் நீதிமன்றம் இதைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2009 ஜூலை 21 அன்று ஏற்றுக்கொண்டது.

வேறு இடத்தில் நிலம். மண்ணுக்காரனிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் சடங்கு செய்கிற மண்ணுக்கு மாற்று மண் எந்தத் தாலுகாவில் இருக்கிறது?

*

ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு வாக்குகளில் ஒன்று நிலைத்தது, மற்றது செத்தது. வாக்குக் கணக்கு ஒரு காரணம், சந்தேகமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்கள்தொகையில் பழங்குடியினர் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. குடியேறிய விவசாயிகள் இரு முன்னணிகளுக்கும் தேவை. வட பிரதேசமோ தனி மாநிலமல்ல, மத்திய அரசாலேயே அங்கே சட்டம் இயற்ற முடிந்தது. மாநிலங்களான குயின்ஸ்லாந்தும் மேற்கு ஆஸ்திரேலியாவும் நெடுங்காலம் முரண்டு பிடித்தன.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று இருப்பதாக நான் கருதுகிறேன். குரிஞ்சிகளின் சட்டம் போராட்டத்துக்குப் பின்னால் வந்தது. ஒன்பது ஆண்டுகள் அவர்கள் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். மெல்போர்னிலும் சிட்னியிலும் தொழிற்சங்கங்களும் மாணவர்களும் அவர்களுக்காகப் பேசினார்கள். செய்தித்தாள்கள் எழுதின. எதிர்த்தவர்களும் எதிர்க்கக் காரணம் தேட வேண்டியிருந்தது. விட்லம் மண்ணைக் கொட்டியபோது அது ஒரு நாட்டின் வாதம் முடிந்த இடம். அதனால்தான் ஃப்ரேசராலும் அதைத் தள்ளிவிட முடியவில்லை. கேரளச் சட்டம் மேலிருந்து இறங்கியது. நெருக்கடி நிலையின் அமைதியில், எதிர்ப்பே இல்லாமல் வந்தது. அதற்காக யாரும் வாதாடவில்லை, ஆகவே அதைக் காக்க யாருக்கும் கடமை இருக்கவில்லை. அட்டப்பாடியில் இப்படியொரு சட்டம் வந்திருக்கிறது என்று ஊரு மூப்பன்மார் அறிவதற்குள் அது பழையதாகிவிட்டது. கேரளத்துப் பழங்குடியினரின் பெரிய போராட்டம் 2001-இல்தான் எழுந்தது. சி.கே. ஜானு தலைமையில் தலைமைச் செயலகத்தின் முன் குடில் கட்டி 48 நாள் அமர்ந்தார்கள். அதற்குள் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆஸ்திரேலியாவைப் புகழ்ந்து முடிக்க எனக்கு மனமில்லை. 1975-இன் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை அந்த அரசே 2007-இல் வட பிரதேசப் பூர்வகுடிகளின் விஷயத்தில் நிறுத்திவைத்து, அவர்களுடைய குடியிருப்புகளுக்குள் நுழைந்தது. 2023 அக்டோபர் 14 அன்று, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஒரு பூர்வகுடிக் குரலுக்கு அரசியலமைப்பில் இடம் கேட்டபோது நூற்றுக்கு 60 பேர் மறுத்தார்கள். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1975 அக்டோபர் 31 என்ற தேதி அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு பூர்வகுடி உரிமையை மீறி அரசு செய்த நில ஒதுக்கீடுகளுக்கு இழப்பீடு கேட்கலாம். டிம்பர் கிரீக் என்ற சிற்றூரின் வழக்கில் 2019 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம் சுமார் 25 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அதில் 13 லட்சம், நிலத்தோடு அறுந்த பண்பாட்டு உறவுக்காக மட்டும். சடங்கு செய்கிற மண்ணுக்கு மாற்று மண் இல்லை என்பதை அந்த மன்றம் தன் மொழியில் ஒத்துக்கொண்டது.

*

அட்டப்பாடிக்கு 1975 இன்னொன்றையும் கொடுத்தது. நிலமற்ற நானூறு பழங்குடிக் குடும்பங்களுக்காகக் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் அமைந்தது. சிண்டக்கி, வரடிமலை போன்ற இடங்களில் காப்பியும் மிளகும் ஏலமும் நட்டார்கள். காலப்போக்கில் குடும்பங்களுக்கே நிலம் சேரும் என்பது நம்பிக்கை. நட்டவர்கள் நாற்பது ஆண்டுக்குப் பிறகும் தினக்கூலிக்காரர்களாகவே இருந்தார்கள்.

நிலம் போனதும் ராகி போனது. சாமையும் தினையும் துவரையும் போயின. ரேஷன் அரிசி ஒன்றே தட்டில் மிஞ்சியது. 2013-இல் அட்டப்பாடியின் பிள்ளைகள் பிறந்த சில நாட்களிலும் சில மாதங்களிலும் அடுத்தடுத்து இறந்தபோது, தாய்மாரின் இரத்தத்தில் இரும்புச்சத்து இல்லை, எடை இல்லை என்று மருத்துவக் குழுக்கள் எழுதின. தில்லியிலிருந்து அமைச்சர்கள் வந்தார்கள், சிறப்பு நிதி வந்தது, சமுதாயச் சமையலறைகள் வந்தன. பிறகு சிறுதானியத்தை மறுபடி விதைக்க அரசே ஒரு திட்டம் போட்டது. விதை கொடுத்தார்கள். எந்தக் காட்டில் விதைப்பது என்ற கேள்வி ஊருக்குள் அப்படியே நின்றது.

நில மீட்பு வழக்குகளுக்கு அட்டப்பாடியில் டி.எல்.ஏ. கேஸ் என்று பெயர். பாட்டன் கொடுத்த மனுவைப் பேரன் நடத்துகிறான். விசாரணையில் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். நிலம் கைமாறியது எந்தத் தேதியில்? 1986 ஜனவரி 24-க்கு முன்னா, பின்னா? முன்னென்றால் ஒரு நியாயம், பின்னென்றால் வேறு நியாயம். ஊருவில் நிலத்தின் கணக்கு அப்படி வைக்கப்பட்டதல்ல. மூத்தவள் பிறந்த வருஷம், பவானியில் பெருவெள்ளம் வந்த வருஷம், மூங்கில் பூத்த வருஷம் என்றுதான் கிழவியால் சொல்ல முடியும். எழுதிக்கொள்பவர் பேனாவை நிறுத்திவிட்டு, தேதியைச் சொல்லச் சொல்லி மறுபடி கேட்கிறார்.